கருவாட்டுத் தட்டியும் நாற்பத்தைந்து டிகிரியும்

வைத்திக்குப்பத்தை விட்டுத் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். காலில் செருப்பு இல்லை. ஆனி மாதத்து உச்சி வெயில். தார் ரோட்டில் கால் வைக்க முடியாமல் ஓரத்து மணலில் இறங்கினேன். மணல் அதைவிட மோசம் என்று தெரிந்ததும் மறுபடி ரோட்டுக்கே ஏறினேன். அரைஞாண் கயிற்றில் செருகியிருந்த இரும்புச் சாவி ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பில் இடித்தது. என் குட்டை நிழல் எனக்கு முன்னால் விழுந்து, நான் போகும் தெற்குத் திசையிலேயே ஒரு அடி முந்திப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன். சூரிய மின்சாரத்தைப் பற்றி அப்போது புதுச்சேரியில் மேடை ஏறிப் பேசிய பெரிய மனிதர்களில் ஒருவர்கூட ஆனி மாதத்தில் தன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று குனிந்து பார்த்திருக்கவில்லை.

இது எண்பதுகளின் நடுவில் நடந்தது. இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் மாடிகளில் சூரியத் தகடு பொருத்தக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்று நடக்கிறது. அங்கே படிப்பவர்கள் வந்து பழைய அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். மேடையில் எனக்குப் பேச்சு வராது, எழுதித் தருகிறேன் என்றேன். அவர்களுடைய பாடப் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே 'சாத்தியக்கூறு' என்று இருந்தது. வீட்டு மாடிகளில் சூரிய மின்சாரத்தின் சாத்தியக்கூறு. இதே ஊர் மாடிகளைக் காட்டி இதே சொல்லை நான் முதலில் கேட்டபோது என் தலைமுடி கறுப்பு. ஒரு பிள்ளையைப் பார்த்து நாற்பது வருஷமாக 'நல்லா வருவான், நல்லா வருவான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். பிள்ளையிடம் அல்ல, வீட்டில்.

என் படிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் பக்கம் ஒரு ஊர். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றேன். அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. மரக்காணத்தில் உப்பு வாரினேன். லாரியில் கிளீனராக ஆந்திரா வரை போனேன். கிணறு வெட்டும் செட்டோடு ஒரு கோடை. பஞ்சாலையில் பதிலி ஆளாக ஒரு மழைக்காலம். சில நாள் சாப்பாடு இருந்தது, சில நாள் இல்லை. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கடலூர் ரோட்டில் ஒரு லாரி பாட்டரி பட்டறையில் மட்டும் இரண்டு வருஷம் இருந்தேன். ஆசிட் தெறித்துக் கைலியெல்லாம் சல்லடையாகிப் போனது. பாட்டரி கறவை மாட்டைப் போல என்று அங்கே தெரிந்துகொண்டேன். தீனி போட்டால் கறக்கும். தீனி இல்லாமல் கறந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் படுத்துவிடும், அப்புறம் எழுந்திருக்காது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மின்சார சாஸ்திரம். பின்னால் நடந்ததற்கு இதுவே அதிகமாக இருந்தது.

பிரான்சிலிருந்து ஏழு வீட்டுக்கு வேண்டிய சூரியத் தகடுகள் அன்பளிப்பாக வந்து இறங்கின. அனுப்பியது யார், வாங்கியது யார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. பெட்டிகளைத் தூக்கியது நான். வீட்டுக்கு இரண்டு தகடு, ஒரு பாட்டரி, இரண்டு சின்ன டியூப் லைட்டு. நான்கு வீடு டவுனில், மூன்று வீடு மீனவர் குப்பங்களில். டவுன் வீடுகளில் ஏற்கனவே அரசாங்கக் கரண்டு இருந்தது. அவர்களுக்கு இது மாடியில் வைக்கும் ஒரு வேடிக்கைப் பொருள். குப்பத்து வீடுகளில் கரண்டு இல்லை. அவர்களுக்கு இது விளக்கு. இந்த வித்தியாசம் திட்டம் போட்டவர்களின் காகிதத்தில் எங்கேயும் இல்லை.

மேற்பார்வைக்கு ஒருவரை வைத்தார்கள். முசியே அந்துவான். முசியே என்றால் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் தந்திப் பிரிவில் இருந்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அறுபது வயதுக்கு மேல். பெட்டியோடு வந்த பொருத்தும் முறைப் புத்தகம் பிரெஞ்சில் இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்தவர் அவர். அது ஒன்றுதான் தகுதி. எனக்குப் பாட்டரி தெரியும் என்று யாரோ சொல்லி என்னைக் கையாளாகச் சேர்த்துக்கொண்டார்.

அவரைப் போலச் சுத்தமாக வேலை செய்தவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் புத்தி கோணல் என்று ஆகிவிடும். மாடி ஏறும் முன் ஏணியடியில் செருப்பைக் கழற்ற வைப்பார். ஏறியதும் கை கழுவ வேண்டும். சோப்பு அவரே கொண்டுவருவார். கடல் காற்றில் தகட்டின் மேல் உப்பு படியும். அதை வெயில் ஏறுவதற்கு முன், நல்ல தண்ணீரில் நனைத்த பழைய வேட்டித் துணியால், மேலிருந்து கீழாக மட்டும் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைத்தால் திட்டுவார். அப்புறம் தோல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்து, சம்பந்தப்பட்ட வரியைப் பிரெஞ்சில் சத்தமாக வாசிப்பார். எனக்கு ஒரு எழுத்தும் புரியாது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் வாசித்து முடித்து, விரலை வரியின் மேல் வைத்து, "பப்பியே சொல்லுது, கேட்டுக்க" என்பார். பப்பியே என்றால் காகிதம். அவருக்கு அது வேதம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. தகடு தெற்கு பார்த்து, தரைக்கு நாற்பத்தைந்து டிகிரி சாய்ந்து நின்றது. அந்தக் கோணம் மாறாமல் வைக்க முசியே தானே தேக்கில் ஒரு முக்கோணக் கட்டை செய்து, வார்னிஷ் அடித்து, நடுவில் குண்டு நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தகட்டின் முதுகில் கட்டையை வைத்தால் நூல் சரியாகக் கோட்டின் மேல் விழ வேண்டும். மயிரிழை தள்ளினாலும் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து. முதல் வீட்டில் நூல் கோட்டில் விழ முக்கால் நாள் ஆயிற்று. விழுந்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு "வொய்லா!" என்றார், 'இதோ பார்' என்பது போல. சாமிக்குக் கண் திறந்துவிட்ட ஸ்தபதி மாதிரி நின்றார்.

தகட்டைத் தாங்கும் சட்டத்தின் பின்கால்களில் மேலும் கீழுமாக ஏழு ஓட்டைகள் இருந்தன. நாங்கள் ஒன்றில்தான் போல்ட் போட்டோம்.

"முசியே, மிச்சம் ஆறு ஓட்ட எதுக்கு?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "கப்பல்ல வரணும் இல்ல? பாரம் கொறையறதுக்கு" என்றார்.

நான் தலையாட்டினேன். சில நாட்கள் நம்பவும் செய்தேன்.

போல்ட்டுகளின் தலை சாதாரண ஆறு பட்டை இல்லை. முக்கோணம். திருடன் கழற்றக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். ஊரில் உள்ள எந்த ஸ்பேனரும் அதில் உட்காராது. பெட்டியோடு வந்தது ஒரே ஒரு சாவி. அதை முசியே 'கிளே' என்பார். காலையில் எண்ணெய் துடைத்து என்னிடம் கொடுத்து, மாலையில் எண்ணெய் துடைத்து வாங்கி வைத்துக்கொள்வார்.

தை மாதம் பொருத்தி முடித்தோம். தையிலும் மாசியிலும் எல்லாம் பிரமாதம். உச்சி நேரத்தில் மீட்டரின் ஊசி நான்கு ஆம்பியரைத் தொட்டு நின்றது. வைத்திக்குப்பத்தில் பந்தல் போட்டுப் பெரியவர்கள் வந்து பேசினார்கள். ஒருவர் எழுந்து புதுச்சேரியில் இத்தனை மொட்டை மாடி, இத்தனை வெயில், எவ்வளவு சாத்தியக்கூறு என்றார். கை தட்டினார்கள். நான்கூடத் தட்டினேன். பந்தலின் நிழலில் உட்கார்ந்துகொண்டு.

அந்தப் பந்தல் போட்டது அஞ்சலையின் வீட்டு வாசலில். அஞ்சலைக்கு நாற்பது வயது இருக்கும். தலைச்சுமையாக மீன் விற்பவள், விற்காததைக் கருவாடு போடுபவள். புருஷன் கட்டுமரத்தில் போகிறவர், பகலில் பெரும்பாலும் தூங்குவார். புயலுக்கு அப்புறம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறைக் கான்கிரீட் வீடு. கடற்கரைப் புறம்போக்கு என்பதால் லைன் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் இருந்த கூரை வீடு சிம்னி விளக்கு சாய்ந்து எரிந்துபோனது. அவளுடைய இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி இழுத்திருக்கும். அன்றிலிருந்து வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். நான்கு வருஷம் இருட்டிலேயே சோறு தின்ற வீடு அது. அந்த இரண்டு டியூப் லைட்டும் அவளுக்கு என்ன என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

சித்திரையில் லைட்டு மங்க ஆரம்பித்தது. வைகாசியில் ஒரு மணி நேரம் எரிந்து நின்றது. ஆனியில் ஏற்றினால் சிவப்பாக ஒரு கம்பி தெரிந்து அணைந்தது. ஒன்றில் மட்டும் அல்ல, ஏழு வீட்டிலும். வெயில் ஏற ஏறக் கரண்டு இறங்கியது. மண்டை பிளக்கும் அக்னி நட்சத்திரத்தில் சூரிய விளக்கு செத்தது. டவுன் வீட்டுக்காரர்கள் கவலைப்படவில்லை, சுவரில் இருந்த வேறு சுவிட்சைப் போட்டுக்கொண்டார்கள். 'சூடு தாங்காத கண்ணாடி' என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னார்.

முசியேவும் ஒரு தீர்ப்புக்கு வந்தார். டவுன் வீடுகளில் பாட்டரி 'பழுது'. குப்பத்து வீடுகளில் 'திருட்டு'. ஒரே நோய்க்கு இரண்டு பெயர். அஞ்சலை வீட்டுக்கு வந்து பாட்டரிப் பெட்டியைக் குனிந்து மோந்து பார்த்தார்.

"ரேடியோ வெக்கிறியா?"

"ரேடியோவுக்கு நான் எங்க தொர போவேன்?"

"இஸ்திரி?"

"நான் கட்டியிருக்கிற பொடவயப் பாரு. இஸ்திரி போட்ட மாதிரியா இருக்கு?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். முசியேவுக்குக் காது சிவந்தது. "எதிர்த்துப் பேசாத. கரண்டு தானா எங்கயும் போவாது. யாரோ எடுத்தாத்தான் போவும்" என்றார். அன்று மாலை பெட்டிக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார். பூட்டுப் போட்ட பிறகும் லைட்டு எரியவில்லை. அப்படியானால் திருட்டு இல்லை என்று ஆயிற்றே? இல்லை, பூட்டையும் தாண்டித் திருடுகிறார்கள் என்று ஆயிற்று.

அந்த வாரம் பிரெஞ்சில் ஒரு ரிப்போர்ட்டு எழுதி என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன முசியே எழுதியிருக்கு?"

"நீ தினம் வந்து மீட்டர் பாத்த, பூட்டு போட்டன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போடு."

போட்டேன். படிக்கத் தெரியாத பாஷையில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். முசியேவைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேனே, என்னைப் பற்றியும் எழுத வேண்டும் இல்லையா? அவர் படிக்கத் தெரிந்ததை நம்பினார். நான் படிக்கத் தெரியாததை நம்பினேன். இரண்டு முட்டாள்களில் யார் பெரியவன் என்று வகுப்பில் படிப்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

அதற்கு ஒரு வாரம் கழித்து நான் மட்டும் மீட்டர் பார்க்க அஞ்சலை வீட்டு மாடிக்குப் போனேன். அவள் ஓலைத் தட்டிகளில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். தகடுகள் இரண்டும் பாதி மாடியை அடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றன. மணி எட்டு. வெயில் தகட்டின் முகத்தில் இல்லை, முதுகை உரசிக்கொண்டு போனது.

"யப்பா கரண்டுகாரரே, ஒன்னு கேக்கவா? கோச்சிக்கக் கூடாது" என்றாள்.

"கேளுக்கா."

"இந்தக் கண்ணாடி வெயில்லதான காயணும்?"

"ஆமா."

"அப்ப எதுக்கு இத நிக்க வெச்சிருக்கீங்க? மார்கழி தையில நானும் தட்டிய இப்படித்தான் தெக்கப் பாத்த அந்தச் செவுத்துல சாச்சி வெப்பேன். அப்ப வெயிலு தெக்கால போவும். சித்திர பொறந்தா படுக்க வெச்சிடுவேன். இந்த மாசத்துல நெத்திலிய நிக்க வெச்சிப் பாரு, மேல காயும், உள்ள புழு வெக்கும். நீங்க படிச்சவங்க. ஒங்க கருவாடு வேற மாதிரி காயுமோ என்னவோ."

உச்சி வரை அந்த மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். உச்சியில் எழுந்து நின்று காலடியைப் பார்த்தேன். நிழல் தெற்கே விழுந்தது. அப்படியானால் சூரியன் எனக்கு வடக்கே. எத்தனை வருஷம் வெயிலில் நடந்திருக்கிறேன், கல்லுடைத்த இடத்தில், உப்பளத்தில், லாரி மேல். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்ததும் தெரிந்தது எல்லாம் மறந்துபோயிற்று. வடக்கே இருக்கும் சூரியனுக்கு முதுகைக் காட்டி, தெற்கே பார்த்துக்கொண்டு, சுத்தமாகத் துடைக்கப்பட்ட இரண்டு தகடுகள் தவம் செய்துகொண்டிருந்தன. அந்தப் படம் வரைந்தவன் ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே தாழ்வாகப் போகும். அவன் ஊருக்கு அவன் சரியாகத்தான் வரைந்தான். மற்ற ஊர்களுக்காக ஆறு ஓட்டையும் போட்டுக் கொடுத்திருந்தான்.

முசியேவிடம் போய்ச் சொன்னேன். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். அஞ்சலை சொன்னாள் என்று உண்மையைச் சொன்னேன்.

"கருவாட்டுக்காரி பிரான்சுக்குப் பாடம் சொல்றாளா?" என்றார். "ஏழுமல, அவங்க இத செஞ்சவங்க. நீ போல்ட் முடுக்கறவன். பப்பியே தப்பா இருக்காது. மனுசந்தான் தப்பா இருப்பான்."

நான்கு நாள் கழித்து மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வைத்திக்குப்பம் வீட்டில் மின்சாரம் முறைகேடாகப் பயன்பட்டிருப்பதால் தகடுகளைக் கழற்றி டவுனில் ஒரு பங்களாவுக்கு மாற்ற வேண்டும். முசியே சாவியை எண்ணெய் துடைத்துக் கொடுத்து, "நீ முன்ன போ, நான் மாட்டு வண்டியோட வரேன்" என்றார்.

முன்னே போனேன். மாடி ஏறினேன். அஞ்சலை மீன் விற்றுவிட்டு வந்து, அரிவாள்மனையில் வாளைமீன் கீறிக்கொண்டிருந்தாள். எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. குப்பத்தில் செய்தி எனக்கு முன்னால் போய்விடும்.

"எடுத்துகினு போ" என்றாள், நிமிராமல். "நாலு வருசம் இருட்டுல இருந்தம், இன்னம் இருப்பம். ஆனா திருடின்னு சொல்லிட்டு எடுக்காத. கண்ணாடி செத்துப்போச்சின்னு சொல்லிட்டு எடு."

நான் கழற்றவில்லை. பின்கால் போல்ட்டுகளைத் தளர்த்தி, தகடுகளை இறக்கி, கடைசி ஓட்டையில் போட்டு முடுக்கினேன். அதற்குக் கீழே ஓட்டை இல்லை. ஏறக்குறைய அவளுடைய கருவாட்டுத் தட்டி போலவே படுத்துக்கொண்டது. மீட்டரை மாட்டினேன். அந்த மாதம் முழுக்க இரண்டை எட்ட மறுத்த ஊசி மூன்றைத் தாண்டி, மூன்றரையைத் தாண்டி, அங்கேயே நின்றது.

முசியே ஏணியில் ஏறி வந்தார். கை கழுவினார். தகடுகளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அவர் பட்டாளத்துக்காரர், கத்தவில்லை.

"யாரக் கேட்டுச் சாச்ச?"

"ஊசியப் பாருங்க முசியே."

பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மீட்டரைத் தட்டினார். ஊசி அசையவில்லை. நான் கையால் தரையைக் காட்டினேன். குனிந்து தன் நிழலைப் பார்த்தார். தொப்பியின் நிழல் அவருடைய காலுக்குத் தெற்கே கிடந்தது. தோல் பையிலிருந்து தேக்குக் கட்டையை எடுத்தார், என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

அப்புறம் தாழ்ந்த குரலில், "ரிப்போர்ட்டு போயிடுச்சி ஏழுமல" என்றார்.

"வேற ரிப்போர்ட்டு எழுதுங்க."

"என்னன்னு எழுதுவேன்? ஏழு வீட்டுலயும் தப்பா வெச்சேன்னா? பாரீசுக்குப் போயிடுச்சி. இந்தப் பொம்பள கரண்டு திருடினான்னு போயிடுச்சி. சாட்சிக் கையெழுத்து ஒன்னுது."

அஞ்சலை அரிவாள்மனையை மடக்கிவிட்டு எழுந்து வந்தாள். மீன் செதில் ஒட்டிய கையோடு என் முன்னால் நின்றாள்.

"நீயா கையெழுத்துப் போட்ட?"

"அந்தப் பாஷ எனக்குப் படிக்கத் தெரியாதுக்கா."

"எனக்குந்தான் தெரியாது. நான் எதுலயாவது போட்டனா?"



"கழட்டு" என்றார் முசியே. "வண்டி நிக்குது."

நான் குனிந்தேன். ஒவ்வொரு போல்ட்டிலும் சாவியை வைத்து, கழற்றும் பக்கம் திருப்பவில்லை, முடுக்கும் பக்கம் திருப்பினேன். கை நரம்பு தெறிக்க எட்டுப் போல்ட்டையும் முடுக்கினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் செருகினேன். ஏணியில் இறங்கினேன்.

"கிளே! ஏழுமல, கிளேயக் குடுத்துட்டுப் போ!" என்று மேலிருந்து குரல் வந்தது. ஏணியடியில் கிடந்த என் செருப்பு நினைவுக்கு வந்தபோது தெருக்கோடியைத் தாண்டியிருந்தேன். திரும்பினால் கொடுத்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. நடந்துவிட்டேன்.

சாவி இல்லாவிட்டால் என்ன, இரும்பறுக்கும் ரம்பம் கொண்டு அறுத்துவிட்டுப் போகலாமே என்று வகுப்பில் உள்ளவர்கள் கேட்பார்கள். அறுக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் பிரான்சில் செய்த போல்ட்டின் மேல் ரம்பம் வைக்க முசியே அந்துவானுக்குக் கை வராது. அந்த மனிதரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அது, அதை நம்பித்தான் நடந்தேன். என்னிடம் வந்து கேட்க அவருடைய கௌரவம் விடவில்லை, வேறு சாவி கேட்டுப் பாரீசுக்குக் கடிதம் எழுதினார். எனக்கு அந்தப் பாஷையில் எழுதத் தெரிந்திருந்தால், மிச்சம் ஆறு ஓட்டை எதற்கு என்று நானும் கேட்டிருப்பேன். சாவி வருவதற்கு எத்தனையோ மாதம் ஆயிற்று. வந்தபோது மற்ற ஆறு வீட்டிலும் பாட்டரி செத்து, திட்டமே முடிந்ததாகக் கோப்பை மூடிவிட்டார்கள். கழற்றச் சொல்லவும் ஆளில்லை, கழற்றவும் ஆளில்லை.

அந்த ஆறு வீட்டையும் காப்பாற்றியிருக்கலாம். என்னிடம்தான் சாவி இருந்ததே! டவுனில் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு வீட்டில், "முசியே கையெழுத்துப் போட்ட காயிதம் இருக்கா?" என்றார்கள். இன்னொரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அப்புறம் நான் டவுனுக்குப் போகவில்லை. குப்பங்களில் மற்ற இரண்டு வீட்டிலும் நான் போவதற்குள் பாட்டரி படுத்துவிட்டிருந்தது. வெயில் எல்லா மாடியிலும் ஒரே மாதிரி அடிக்கிறது, மாடிக்குச் சொந்தக்காரர்கள்தான் வேறு மாதிரி. அடுத்த தெருவில் போன மாதம் ஒரு வீட்டில் தகடு வைத்தார்கள். நல்ல தகடு, எங்கள் காலத்துத் தகட்டைவிடப் பத்து மடங்கு நல்ல தகடு. தண்ணீர் டாங்கின் நிழல் பாதி நாள் அதன் மேல் விழுகிறது. வைத்த ஆளிடம் சொன்னேன். "டிசைன் மேல இருந்து வந்துது தாத்தா" என்றான். முசியே அந்துவான் சாகவில்லை. பாஷை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சாத்தியக்கூறு என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் உச்சி வெயிலில் வெறுங்காலோடு அந்த மாடியில் நிற்கட்டும். அப்புறம் எழுதட்டும்.

அன்று டவுனைத் தாண்டி, தெற்குக் கோடியில் உப்பளம் என்கிற பகுதி வரை நடந்தேன். பழைய துறைமுகக் கிடங்கின் சுவரோரம் படுத்துக்கொண்டேன். கால் இரண்டிலும் கொப்புளம். மேற்கே போகும் லாரி ஒன்றில் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். எந்த ஊரிலும் ஏதாவது தப்பாகிவிட்டால் நான் அப்படித்தான் செய்வேன். லாரியும் கிடைத்தது. "ஏறுறியா?" என்று டிரைவர் கேட்டார். வெறுங்காலோடு கிளீனர் வேலை செய்ய முடியாது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, விடிந்ததும் செருப்பை எடுக்க வைத்திக்குப்பத்துக்குத் திரும்பினேன்.

அஞ்சலை மாடியில் இருந்தாள். செருப்பு ஏணியடியில் இல்லை. மேலே, தகட்டுச் சட்டத்தின் கீழே நிழலில் வைத்திருந்தாள்.

"காக்கா தூக்கிகினு போவப் போவுதேன்னு எடுத்து வெச்சேன்" என்றாள். "லைட்டு எரிஞ்சிது. சோறு துன்னு முடிக்கிற வரைக்கும் எரிஞ்சிது."

நான் செருப்பை மாட்டப் போனேன். கொப்புளத்தில் வார் ஏறவில்லை.

"வேல போச்சா?"

"போச்சிக்கா."

"ஒனக்கு நல்லா வேணும்." அவள் கூடையைச் சாய்த்து நெத்திலியைத் தட்டியில் கொட்டினாள். பரப்பி முடித்ததும் அடுத்த தட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"நான் மீன் கூடையத் தூக்கிகினு தெரு சுத்தப் போயிட்டா இங்க காக்கா ஓட்ட ஆளில்ல. உப்புத் தடவணும், காய வெக்கணும், உச்சிக்குத் திருப்பிப் போடணும். சம்பளம்னு பெருசா ஒன்னும் தர மாட்டேன், சோறு உண்டு. தையில தட்டியெல்லாம் செவுத்துல சாச்சி வெக்கணும். சித்திரையில படுக்க வெக்கணும்." தகடுகளைப் பார்த்துக் கையை நீட்டினாள், தோல் சுருங்கிய அந்த இடது கையை. "அந்த ரெண்டு தட்டியையும் சேத்துத்தான் சொல்றேன்."

செருப்பை மறுபடி சட்டத்தின் கீழேயே வைத்தேன். குடத்துத் தண்ணீரில் கை கழுவினேன், பழக்க தோஷம். முதல் வேலையாகப் பழைய வேட்டித் துணி ஒன்று கேட்டு வாங்கி, வெயில் ஏறுவதற்கு முன், கண்ணாடியில் படிந்திருந்த உப்பை மேலிருந்து கீழாகத் துடைத்தேன். அப்புறம் நெத்திலிக்கு வந்தேன்.